ஆபீஸ் வேலையை விட்டுட்டு தையலையே முழுநேரமா செய்யலாமா? 2016-ல விட்டவ சொல்றேன்

சிங்கப்பூர் செங்காங்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. வயசு 37, ஒரு ஷிப்பிங் கம்பெனியில 12 வருஷமா அட்மின் வேலை, சம்பளம் 3,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ரெண்டு பிள்ளைங்க, எச்டிபி (அரசாங்க அடுக்குமாடி) வீட்டு லோன் ஓடிக்கிட்டிருக்கு. நாலு வருஷமா சாயந்திரத்துலயும் சனி ஞாயிறுலயும் ப்ளவுஸ் தைக்கிறாங்க, ஆரி வேலையும் (ஃப்ரேம்ல துணியைக் கட்டி ஊசியால போடற எம்ப்ராய்டரி) கத்துக்கிட்டாங்க, வர்ற ஆர்டரை எடுக்க முடியாம திருப்பி அனுப்புற அளவுக்கு வந்துடுச்சு. மாசம் 3,000 வெள்ளி தையல்ல வந்தா சம்பளம் மாதிரிதானே, விட்டுடலாமா, வீட்டுக்காரர் வேணாம்னு பிடிவாதமா இருக்கார்னு எழுதியிருக்காங்க.

தங்கச்சி, நான் ஈசூன்ல இருக்கேன், ஒரு பேங்க்ல பேக் ஆபீஸ்ல 15 வருஷம் இருந்துட்டு 2016-ல 40 வயசுல விட்டேன். இன்னிக்கு வரைக்கும் தையலும் ஆரியும்தான் என் சோறு. அதனால செய்ய முடியுமான்னு கேட்டா முடியும், ஆனா நீங்க போட்டிருக்கற கணக்கை வெச்சு இந்த மாசமே லெட்டர் குடுக்காதீங்க, அந்த கணக்குல பாதி விட்டுப்போச்சு, நானும் அதே இடத்துலதான் தப்பு பண்ணேன், அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

முதல்ல சம்பளத்தை எடுத்துக்கலாம். 3,800-ல உங்க பங்கு சிபிஎஃப் (கட்டாய சேமநிதி) 20 விழுக்காடு, அதாவது 760 வெள்ளி போக கையில 3,040 வருது, அதைத்தான் நீங்க சம்பளம்னு நினைச்சு 3,000 போதும்னு சொல்றீங்க. ஆனா முதலாளி மேல 17 விழுக்காடு போடறார், அது 646. ரெண்டும் சேர்ந்து 1,406 வெள்ளி மாசாமாசம் உங்க பேர்ல போகுது. உங்க வயசுக்கு அதுல வீட்டு லோனுக்கு எடுக்க முடியற 'சாதாரண கணக்கு'ன்ற சிபிஎஃப் கணக்குக்கு மட்டும் சம்பளத்துல 21 விழுக்காடு, கிட்டத்தட்ட 798 வெள்ளி. வீட்டு லோன்ல உங்க பாதியை கட்டறது யாருன்னு நினைக்கிறீங்க? இந்த 798 தான். கையிலருந்து போகாததால அது ஒரு செலவுன்னே நமக்கு தோணறதில்ல.

எனக்கு என்ன ஆச்சுன்னா, வேலையை விட்டதும் ஒண்ணுமே நடக்கல. சாதாரண கணக்குல ஏற்கனவே கொஞ்சம் இருந்துச்சு, லோன் அதுலருந்தே போயிட்டிருந்துச்சு, நானும் பரவாயில்லையே சமாளிச்சுட்டோமேன்னு சந்தோஷமா இருந்தேன். 14 மாசம் கழிச்சு பணம் தீர்ந்துபோச்சு, இனிமே ரொக்கமா கட்டணும்னு லெட்டர் வந்துச்சு. அதுவும் ஆடி மாசம், கையில நாலு ப்ளவுஸ் ஆர்டர் கூட இல்ல. அன்னிக்கு ராத்திரி நானும் வீட்டுக்காரரும் சாப்பிடாம உட்கார்ந்திருந்தது இன்னும் ஞாபகம் இருக்கு. சிபிஎஃப் கணக்குல எவ்வளவு இருக்கு, மாசம் எவ்வளவு லோனுக்கு போகுது, உள்ள ஒண்ணும் வராம எத்தனை மாசம் தாங்கும்னு இன்னிக்கே சிங்பாஸ்ல (அரசாங்க இணைய லாகின்) போய் பார்த்து எழுதி வைங்க. உங்க முடிவுல இதைவிட முக்கியமான நம்பர் வேற இல்ல.

அப்புறம் மெடிசேவ், அதாவது சிபிஎஃப்ல மருத்துவச் செலவுக்கான கணக்கு. சொந்தமா தொழில் பண்றவங்க சாதாரண கணக்குக்கும் ஓய்வுக்காலத்துக்கான சிறப்பு கணக்குக்கும் போடணும்னு கட்டாயம் கிடையாது, மெடிசேவுக்கு கட்டாயம் உண்டு. வருஷத்துக்கு செலவு போக நிகர வருமானம் 6,000 வெள்ளிக்கு மேல போனா கட்டியாகணும். உங்க வயசுல, 18,000-க்கு மேல சம்பாதிச்சா 9 விழுக்காடு. வருஷம் 24,000 நிகரமா வந்தா 2,160 வெள்ளி, ஐராஸ் (வரித்துறை) கணக்கு முடிஞ்சப்பறம் மொத்தமா ஒரு நோட்டீஸா வரும். தவணையா ஜைரோல (பேங்க் கணக்குலருந்து தானா கழியறது) கட்டலாம், ஆனா மாசாமாசம் தனியா எடுத்து வெச்சிருந்தா அந்த தலைவலியே இல்ல.

இப்ப கூட்டிப் பாருங்க. கையில வந்துட்டிருந்த 3,040, லோனுக்கு 798, மெடிசேவுக்கு ஒரு 378, மொத்தம் 4,200 வெள்ளி கிட்ட வருது. இது துணி, லைனிங், நூல், கொக்கி, கரண்ட் எல்லாம் போக நிகரமா வரணும். ஓய்வுக்காலத்துக்கு சேர்றது, 13-வது மாச சம்பளம், லீவு, எம்சி (உடம்பு சரியில்லாத லீவு), கம்பெனி இன்சூரன்ஸ், இதெல்லாம் இன்னும் நான் சேர்க்கவே இல்ல. பயமுறுத்தறதுக்காக சொல்லல, நீங்க தேடிப் போக வேண்டிய நம்பர் 3,000 கிடையாது, 4,200-னு தெரிஞ்சுக்கிட்டு போங்கன்னு சொல்றேன்.

அடுத்தது மணிக்கணக்கு, இதை ஏன் நம்ம பொம்பளைங்க யாரும் எழுதி வைக்கறதே இல்லன்னு எனக்கு இன்னிக்கும் ஆதங்கம். ஒரு லைனிங் ப்ளவுஸ்க்கு 45 வெள்ளி வாங்கறீங்கன்னு வைங்க. வெட்டறது, தைக்கறது, கை ஏத்தறது, பட்டி, கொக்கி, ஹெம்மிங் எல்லாம் மூணரை மணி நேரம். அவங்க வந்து அளவு ப்ளவுஸ் குடுத்து கழுத்து டிசைனுக்கு முப்பது படம் காட்டி பேசிட்டு போறது, வாட்ஸ்அப்ல அக்கா ஆயிடுச்சா அக்கா ஆயிடுச்சான்னு கேக்கறதுக்கு பதில் போடறது, தோள் இறங்குதுன்னு திரும்ப கொண்டாந்தா பிரிச்சு தைக்கறது, இதெல்லாம் ஒரு மணி நேரம். ஆக நாலரை மணி நேரம், லைனிங்கும் நூலும் ஒரு 5 வெள்ளி போனா கையில 40. மணிக்கு 9 வெள்ளி கூட வரல. உங்க ஆபீஸ்ல வாரம் 44 மணி நேரம்னு வெச்சாலும் மணிக்கு 20 வெள்ளி கிட்ட வாங்கறீங்க. மணிக்கு 9 வெள்ளியில 4,200 சம்பாதிக்கணும்னா மாசம் 467 மணி நேரம் மிஷின்ல உட்காரணும், ஞாயிறு கூட லீவு எடுக்காம தினம் 15 மணி நேரத்துக்கு மேல. கண்ணும் இடுப்பும் என்னாகும்?

அதனால சாதா ப்ளவுஸை மட்டும் நம்பி விட முடியாது. விலையை ஏத்தலாமேன்னு சொல்வீங்க, ஏத்தலாம், ஆனா நமக்குன்னு ஒரு சிக்கல் இருக்கு, நம்ம வாடிக்கையாளர் எல்லாருக்கும் இந்தியாவுல, ஊர்ல ஒரு டெய்லர் இருக்கார். ஜூன் லீவுலயும் டிசம்பர் லீவுலயும் குடும்பத்தோட ஊருக்கு போறப்ப பத்து ப்ளவுஸ் பிட்டை பெட்டியில போட்டு எடுத்துட்டு போய் அங்க தைச்சுட்டு வந்துடுவாங்க, இங்க வாங்கற காசுல அங்க நாலஞ்சு தைச்சுடலாம். டெக்கா மார்க்கெட் மாடியில கடை வெச்சிருக்கறவங்களோடயும் வேகத்துல நாம போட்டி போட முடியாது. விலையில இறங்கி ஜெயிக்கறது வீட்ல தைக்கறவங்களுக்கு நடக்கற காரியமே இல்ல. உங்ககிட்ட ஏன் வர்றாங்கன்னு யோசிங்க. ஊர்ல தைச்சது ஃபிட்டாகாம போய் வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்கு புதன்கிழமை ஓடி வர்றவங்க, குழந்தை பெத்து உடம்பு மாறிப்போனவங்க, பாட்டி சேலையை கிழிக்காம லெஹங்காவா மாத்தணும்னு கேக்கற பொண்ணுங்க, பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு காஸ்ட்யூம் கேக்கறவங்க. இவங்களுக்கு ஊர் டெய்லர் உதவமாட்டார், இங்கேயே நேர்ல நின்னு அளவு பார்க்க ஒரு ஆள் வேணும், அதுக்கு காசு குடுப்பாங்க.

நான் எப்படி மாத்திக்கிட்டேன்னா, சாதா ப்ளவுஸ் எண்ணிக்கையை வாரத்துக்கு ஆறோட நிறுத்திட்டேன். கல்யாணப்பொண்ணு ஆரி வேலை மாசத்துக்கு ரெண்டு மூணு, அதை மணிக்கணக்கு போட்டுத்தான் விலை சொல்றேன், முத்துக்கு இவ்வளவு ஸ்டோனுக்கு இவ்வளவுன்னு சொல்றது இல்ல. அப்புறம் சொல்லிக்குடுக்கறது. ஒரு பேட்ச்ல மூணு பேர், எட்டு வாரம், வாரம் ரெண்டு மணி நேரம், ஆளுக்கு 240 வெள்ளி. 16 மணி நேரத்துக்கு 720 வருது, மணிக்கு 45. தைக்கறதுல வர்ற வருமானத்தை சொல்லிக்குடுக்கறது தாங்கிப்பிடிக்கும்னு ஆரம்பத்துல எனக்கு தோணவே இல்ல, ஒரு வாடிக்கையாளர் அம்மா தன் பொண்ணுக்கு கத்துக்குடுங்கன்னு கெஞ்சினதால ஆரம்பிச்சது.

ஆர்டர் நிறைய வருதுன்னு சொன்னீங்கல்ல, அதுலயும் ஒரு ஏமாற்றம் இருக்கு. பகுதிநேரமா தைக்கறப்ப உங்களால வாரத்துக்கு ஏழெட்டுதான் முடியும், அதனால பத்து பேர் வந்தாலே நிறையன்னு தெரியும். முழுநேரமா உட்கார்ந்தா அந்த பத்து ஆர்டர் நாலே நாள்ல தீர்ந்துடும், அஞ்சாவது நாள் என்ன? அதுவும் நம்ம தொழில் நாள்காட்டியோட கட்டிப்போட்ட தொழில். தீபாவளிக்கு முன்னாடி ரெண்டு மாசம் மூச்சு விட முடியாது, தை பொறந்ததுலருந்து வைகாசி வரைக்கும் கல்யாணம், ஆவணியில மறுபடி கொஞ்சம். ஆடியும் மார்கழியும் காத்தாடும். எனக்கு நல்ல மாசத்துல 6,000 கூட வந்திருக்கு, மார்கழியில 900 வெள்ளியும் பார்த்திருக்கேன். அதனால எந்த மாசம் எவ்வளவு வந்தாலும் வீட்டுக்கு ஒரே தொகைதான் எடுக்கறது, மிச்சம் தனி கணக்குல இருக்கும், அதுதான் மார்கழியில சம்பளம் போடும். இந்த தனி கணக்குல ஆறு மாச வீட்டுச்செலவு சேர்றதுக்கு முன்னாடி வேலையை விடவே கூடாதுன்றது என் உறுதியான அபிப்பிராயம்.

சொந்தக்காரங்க விஷயம் சொல்லியே ஆகணும். அத்தை பொண்ணு, பக்கத்து ப்ளாக் அக்கா, கோயில்ல பழக்கமானவங்க, எல்லாரும் நம்மகிட்டதான் வருவாங்க, எல்லாருக்கும் நாம வீட்லதானே இருக்கோம்னு ஒரு நினைப்பு. ஒரு தூரத்து சொந்தம் மகள் கல்யாணத்துக்கு ஏழு ப்ளவுஸ் ஆரி வேலையோட வாங்கிட்டு போய் பாதி காசு இன்னிக்கு வரைக்கும் தரல, கேட்டா உறவு போகும்னு நானும் விட்டுட்டேன். அந்த வருஷம் என் பையனோட ஸ்கூல் ட்ரிப்புக்கு காசு இல்லன்னு சொல்ல வேண்டியிருந்துச்சு. அதுக்கப்பறம் யாரா இருந்தாலும் பாதி பணம் பேநவ்ல (போன்லருந்து பேங்குக்கு அனுப்பறது) முன்னாடி, மிச்சம் குடுத்தாதான் துணி, என்ன தைக்கறோம் எவ்வளவு எப்போன்னு வாட்ஸ்அப்ல எழுத்துல வாங்கிடறது. எழுத்துல இருந்தா சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்கே போகலாம், 20,000 வெள்ளி வரைக்கும், ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டா போதும், வக்கீல் தேவையில்ல. சொந்தக்காரங்க விலைன்னு ஒண்ணு எனக்கு இப்ப இல்ல, பிடிச்சவங்களுக்கு சேலைக்கு ஃபால்ஸ் அடிச்சு இனாமா குடுத்துடுவேன், விலையை குறைக்கமாட்டேன்.

சட்ட விஷயங்களை வேகமா சொல்லிடறேன். எச்டிபி வீட்ல சின்ன அளவுல தையல் பண்ண தனியா அனுமதி வேண்டாம், ஆனா வீட்ல குடியிருக்கறவங்கதான் செய்யணும், வெளியாளை வேலைக்கு வெச்சுக்க கூடாது, வெளிய போர்டு மாட்டக்கூடாது, அக்கம்பக்கத்துக்கு தொந்தரவு வரக்கூடாது. ராத்திரி 10 மணிக்கு மேல நான் மிஷினை தொடமாட்டேன், ஃப்ரேம்ல ஆரி மட்டும்தான். ட்யூஷன்னா ஒரு நேரத்துல மூணு பிள்ளைங்க வரைக்கும்தான் விடறாங்க, என் ஆரி கிளாஸையும் அதே அளவுல வெச்சிருக்கேன். ஐசியில (அடையாள அட்டை) இருக்கற முழு பேர்லயே தொழில் பண்ணா அக்ரால (தொழில் பதிவு ஆணையம்) பதிய வேண்டாம், கடை பேர் மாதிரி ஒண்ணு வெச்சா பதியணும், ஒரு வருஷத்துக்கு 115 வெள்ளி, மெடிசேவ் பாக்கி இருந்தா முதல்ல அதை தீர்க்கணும். ரசீதெல்லாம் அஞ்சு வருஷம் வெச்சிருக்கணும். இப்ப பகுதிநேரமா வர்ற தையல் வருமானத்தையும் வரியில காட்டணும், அதையும் உங்க ஆபீஸ் கான்ட்ராக்ட்ல வெளிவேலைக்கு தடை ஏதும் இருக்கான்னும் ஒரு தடவை பார்த்துடுங்க.

வருமானத்தை காட்டறதுல எனக்கு ஒரு அனுபவம். 2020 ஏப்ரல் 7-லருந்து ஜூன் 1 வரைக்கும் கோவிட்டுக்காக சர்க்யூட் பிரேக்கர்னு ஊரடங்கு போட்டாங்க இல்ல, ஒரே நாள்ல எல்லா கல்யாண ஆர்டரும் போச்சு. அப்ப சுயதொழில் பண்றவங்களுக்கு அரசாங்கம் மூணு தவணையா 3,000, 3,000, 3,000-னு 9,000 வெள்ளி குடுத்துச்சு. ஒழுங்கா ஐராஸ்ல வருமானம் காட்டியிருந்ததால நான் எங்கயும் போய் கேக்கல, தானா வந்துச்சு. எனக்கு தெரிஞ்ச இன்னொரு டெய்லரம்மா என்னைவிட கெட்டிக்காரி, எல்லாம் ரொக்கத்துல வாங்கி எதையும் எழுதாம இருந்தவங்க, நான் தொழில் பண்றேன்னு நிரூபிக்க ஒரு தாள் இல்லாம அலைஞ்சாங்க. பேங்க்ல லோன் கேட்டாலும் அதே கதைதான், சுயதொழில் வருமானத்துல குறைஞ்சது 30 விழுக்காட்டை கழிச்சுட்டுத்தான் கணக்கு பார்ப்பாங்க, அதுலயும் காட்டாத வருமானம் இல்லாத வருமானம்தான். வீடு மாத்தற எண்ணம், லோனை வேற பேங்குக்கு மாத்தற எண்ணம் இருந்தா இதை மனசுல வெச்சு காலத்தை பாருங்க.

இன்னொண்ணு, வேலை போனவங்களுக்கு 2025 ஏப்ரல்லருந்து ஆறு மாசத்துல 6,000 வெள்ளி வரைக்கும் உதவி குடுக்கறாங்க, அது வேலையிலருந்து எடுக்கப்பட்டவங்களுக்கு, நாமா ராஜினாமா பண்ணா கிடைக்காது, அதை கணக்குல சேர்த்துடாதீங்க. இன்சூரன்ஸ்ல அரசாங்கத்தோட மெடிஷீல்டு லைஃப் எப்பவும் இருக்கும், ஆனா கம்பெனி இன்சூரன்ஸ் போயிடும், தனியா எடுக்கறதா இருந்தா உடம்பு நல்லா இருக்கறப்பவே எடுங்க. இதை படிக்கறவங்கள்ல வேலை பாஸ்லயோ டிபெண்டன்ட் பாஸ்லயோ (வெளிநாட்டவர் இங்க தங்கற அனுமதி) இருக்கறவங்க இருப்பீங்க, உங்களுக்கு நான் இங்க சொல்ற எதுவும் பொருந்தாது, அந்த பாஸை வெச்சு வீட்ல தொழில் ஆரம்பிச்சுடாதீங்க, மனிதவள அமைச்சு விதியை முதல்ல பாருங்க, பாஸே போற விஷயம் அது.

சரி, பிடிச்ச வேலைன்னு சொல்றோமே, அதைப் பத்தி. 2017 தீபாவளிக்கு நான் 61 ப்ளவுஸ் எடுத்தேன், மறுக்க தெரியாம. கடைசி வாரம் விடியக்காலை மூணு மணி வரைக்கும் கொக்கி வெச்சிட்டு, தீபாவளி அன்னிக்கு எண்ணெய் தேய்ச்சு குளிச்சதும் தூங்கிட்டேன், பிள்ளைங்க அத்தை வீட்டுக்கு என்னை விட்டுட்டே போயிட்டாங்க. அதுக்கப்பறம் ஒரு மாசம் துணியை பார்த்தாலே கோவம் வந்துச்சு, இதுக்கா ஏசி ரூமை விட்டு வந்தோம்னு அழுதிருக்கேன். டிசம்பர்ல ஒரு நாள் சும்மா ஃப்ரேம்ல மிச்சத்துணியை கட்டி ஒரு மயிலை போட ஆரம்பிச்சேன், நிமிர்ந்து பார்த்தா மத்தியான சாப்பாட்டு நேரம் போயிருந்துச்சு. அன்னிக்குதான் எனக்கு புரிஞ்சுது, தையல்னு மொத்தமா எல்லாம் எனக்கு பிடிக்கல, ஆரி ஊசி பிடிக்கும், உடம்புக்கு சரியா உட்கார்ற மாதிரி அளவு திருத்தறது பிடிக்கும், ஒரே மாதிரி முப்பது ப்ளவுஸ் வெட்டறது சுத்தமா பிடிக்கல. பிடிச்சதை வெச்சு தொழிலை அமைச்சேன், அதனாலதான் இத்தனை வருஷம் ஓடுது. உங்களுக்கு இதுல எந்த பாகம் பிடிக்கும்னு சம்பளம் வர்றப்பவே கண்டுபிடிச்சுடுங்க, விட்டப்பறம் கண்டுபிடிக்கறது ரொம்ப வலிக்கும்.

அதனால என் பதில் இதுதான், வேலையை ஒரே வெட்டா விடாதீங்க, பாதியா குறைக்க கேளுங்க. 2024 டிசம்பர் 1-லருந்து வேலைநேரத்தை மாத்திக் கேட்டு முறையா எழுத்துல குடுத்தா, முதலாளி அதை பரிசீலிச்சு ரெண்டு மாசத்துக்குள்ள பதில் சொல்லணும்னு முத்தரப்பு (அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்து போட்ட) வழிகாட்டி இருக்கு. குடுத்தே ஆகணும்னு கட்டாயமில்ல, ஆனா 12 வருஷம் இருந்த ஆளை அவ்வளவு சீக்கிரம் இழக்க மாட்டாங்க, எங்க வேலை தேங்காதுன்னு நீங்களே ஒரு திட்டம் போட்டு குடுங்க. வாரம் மூணு நாள்னா சம்பளம் 2,280, சாதாரண கணக்குக்கு இன்னும் 479 வெள்ளி கிட்ட போகும், லோன் முழுசா உங்க தலையில விழாது. மிச்ச ரெண்டு நாள்ல உண்மையான தொழில் நேரம் எப்படி இருக்கும்னு தெரியும். நானும் கடைசி எட்டு மாசம் இப்படித்தான் இருந்தேன், அதை ஒரு வருஷமா நீட்டியிருந்தா அந்த ஆடி மாசம் வந்திருக்காது.

வீட்டுக்காரர் வேணாம்னு சொல்றதை உங்க கைவேலையை மதிக்கலன்னு எடுத்துக்காதீங்கம்மா. எங்க வீட்லயும் மூணு மாசம் சண்டை, நான் கனவைப் பத்தி பேசினேன், அவர் லோனைப் பத்தி பேசினார், ரெண்டு பேரும் வேற வேற மொழியில பேசிட்டிருந்தோம். நீங்க ஒரு நோட்டு போடுங்க. இந்த ஆடியில ஆரம்பிச்சு அடுத்த ஆடி வரைக்கும் ஒவ்வொரு துணிக்கும் நாலு விஷயம்: எத்தனை மணி நேரம், எவ்வளவு வாங்கினேன், எவ்வளவு செலவு, பணம் எந்த தேதியில வந்துச்சு. ரெண்டு காலி மாசமும் ஒரு தீபாவளியும் அதுல வந்துடணும். மாசக்கடைசியில அவரை பக்கத்துல உட்கார வெச்சு கூட்டச் சொல்லுங்க, நீங்க கூட்டாதீங்க. என் வீட்டுக்காரர் ஏழாவது மாசம் கூட்டிட்டு, இந்த கொக்கி வைக்கற வேலைக்கு தனியா காசு போடலையே நீன்னு கேட்டார், அன்னியிலருந்து கொக்கியும் பட்டியும் அவர்தான் வைக்கிறார், கணக்கும் அவர் கையிலதான் இருக்கு.